தம்பியின் காருக்கு ஓர் ஊதாங்குழல்

'டர்போ' என்ற எழுத்தை எத்தனையோ லாரிகளின் மேல் பார்த்திருக்கிறேன். அது என்ன, எதற்கு என்று கேட்க ஒருநாளும் தோன்றியதில்லை. காலையில் எழுந்தால் பிள்ளைகளுக்கு டிபன், அம்மாவுக்குக் கஞ்சி, இவர் தோட்டத்துக்குக் கிளம்புவதற்குள் காபி என்று ஓடுகிறவளுக்கு லாரி எஞ்சினைப் பற்றி என்ன கவலை? ஆனால் போன ஆடியில், எங்கள் அப்பா வைத்த கொய்யாத் தோட்டத்தில் பாதியை இந்த டர்போ விழுங்கப் பார்த்தது. அப்புறம் சும்மா இருக்க முடியுமா? கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்கள் வீட்டிலும் அண்ணனோ தம்பியோ மகனோ வண்டிப் பைத்தியமாக இருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆயக்குடி. பழனிக்குப் பக்கத்தில், திண்டுக்கல் போகும் சாலையில் இருக்கிறது. கொய்யா என்றால் ஆயக்குடி என்று சொல்லுமளவுக்குப் பேர்போன ஊர். அப்பா தன் கையால் வைத்தது மூன்று ஏக்கர் தோட்டம். அவர் போன பிறகு எனக்கும் தம்பிக்கும் பாதிப் பாதி என்று பேச்சு. ஆனால் வருகிற காசு முதலில் அம்மாவுக்குத்தான். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை, கண் ஆஸ்பத்திரிச் செலவு, பேரப் பிள்ளைகளுக்கு தீபாவளித் துணி எல்லாம் அந்த மரங்கள் தருவதுதான். "எனக்கு யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம்" என்று அம்மா நிமிர்ந்து சொல்வது அந்தத் தோட்டத்தை நம்பித்தான்.

தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். அப்பாவின் புல்லட்டில் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்தே வளர்ந்தவன். கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமையானால் செட்டிப்பாளையத்துக்கு ஓடிவிடுவான். அங்கே கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது. கோவையிலேயே பந்தயக் கார்களைக் கட்டிய கரிவர்தன் பெயரில் 2003இல் வந்தது. படிப்பு முடிந்து மேல்படிப்புக்கு ஜெர்மனி போனான். ஸ்டுட்கார்ட் நகரத்தில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டான். போர்ஷே கார் செய்யும் ஊர் அது. கேட்க வேண்டுமா? கல்யாணத்துக்கு முன்பே ஐந்து வருடச் சேமிப்பைக் கொட்டி ஒரு பழைய போர்ஷே 911 வாங்கினான். 1982இல் செய்த கார். அவனைவிட வயதில் மூத்தது.

போன ஆடியில் ஒருநாள் ராத்திரி போன் செய்தான். "அக்கா, காருக்கு டர்போ போடலாம்னு இருக்கேன். என் பங்குத் தோட்டத்தை நீங்களே எடுத்துக்குங்க. முடியலைன்னா வெளியில குடுத்துடலாம்" என்றான். ஏதோ பழைய பேப்பரை எடைக்குப் போடுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுநாள் அவன் மனைவி பேசினாள். கைக்குழந்தைக்கு அப்போது ஏழு மாதம். "அண்ணி, நான் சொன்னா சண்டையாயிடுது. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஷெட்டுலதான் இருக்கார். ராத்திரி நாலு தடவை குழந்தை எழுந்துக்குது, பகல்ல வீட்டு வேலை, நடுவுல என் ஆபீஸ் வேலை. காருக்குப் போடுறதுக்கு முன்னாடி எனக்குத்தான் டர்போ போட்டு ஓட்டுறாங்க" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அம்மாவோ, "காய்க்கிற மரத்தை வித்துப் புகைவிடுற வண்டிக்குப் போடுறதா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். இவர்தான் நிதானமாகச் சொன்னார்: "அவன் பங்கு, அவன் இஷ்டம். எடுத்த எடுப்புல வேண்டாம்னா பங்காளித் தகராறுன்னு ஆயிடும். என்ன ஏதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் பேசு." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

பழனியில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அப்பாவின் சிநேகிதர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு சனிக்கிழமை அவரை வீட்டுக்கு வரவழைத்து, இட்லியும் கொய்யாப்பழமும் கொடுத்து, "டர்போன்னா என்ன மாமா?" என்று கேட்டேன்.

"உங்க பாட்டி அடுப்பு ஊதுவாங்களே, ஊதாங்குழல், அதுதான் பாப்பா" என்றார்.

விறகடுப்பில் ஊதாங்குழலால் ஊதினால் தீ குப்பென்று பிடிக்கும். எஞ்சினும் அப்படித்தானாம். பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். அதிகக் காற்றை அடைத்துக் கொடுத்தால் அதிகப் பெட்ரோல் எரியும், அதிக வேகம் கிடைக்கும். அடுப்பை ஊதுவதற்கு நம் மூச்சு செலவாகிறது. டர்போவில் ஊதுவது வெளியே போகிற புகைதான்! சைலன்ஸர் வழியாக வீணாய்ப் போகும் சுடுபுகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை நெருங்குகிற வேகம். நம் மிக்ஸியே அதன் முன்னால் ஆமைதான்.

இந்த யோசனைக்கு ஆல்ஃபிரட் பூஹி என்ற ஸ்விட்சர்லாந்து இன்ஜினீயர் 1905இலேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார். பிறகு கப்பல் எஞ்சினுக்கும் ஆகாய விமானத்துக்கும் அது உதவியது. கொடைக்கானலில் பருப்பு வேக நேரமாகிறதே, மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடுவதால்தானே? விமான எஞ்சினுக்கும் மேலே மூச்சு முட்டும். அங்கே இந்த ஊதாங்குழல் கைகொடுத்தது. இன்று நம் ரோட்டில் ஓடும் டீசல் லாரி, பஸ், பல கார்களில் டர்போ உண்டு. தமிழ்நாட்டிலேயே செய்கிறார்கள்.

"அப்படின்னா நல்ல சாமான்தானே மாமா? லாரியில இருக்கிறது தம்பி காருக்கு ஆகாதா?" என்றேன்.

மாமா பதில் சொல்லாமல் எழுந்து கொட்டகைக்குப் போனார். அப்பாவின் பழைய புல்லட்டைக் காட்டினார். "இதுக்குத் தண்ணி எங்க ஊத்துவே?" என்று கேட்டார். புல்லட்டுக்கு ஏது தண்ணீர்? எஞ்சினைச் சுற்றி விலா எலும்பு மாதிரி தகடு தகடாக இருக்கிறதல்லவா, அவற்றின் மேல் காற்று பட்டுத்தான் சூடு தணிகிறது. லாரிக்கு முன்னால் ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறது. தம்பியின் பழைய போர்ஷே, இந்த புல்லட் ஜாதி. எஞ்சின் காரின் பின்பக்கம் இருக்கும். ஒரு பெரிய விசிறி அதன் மேல் காற்றை வீசும். பத்து லிட்டருக்கு மேல் எஞ்சின் ஆயில் சுற்றிச் சுற்றி வந்து மிச்சச் சூட்டை எடுத்துப்போகும். ரேடியேட்டர் தண்ணீர் என்ற பேச்சே கிடையாது.

"ஊதுறது பெரிசில்லை பாப்பா. ஊதினா சூடு ஏறும். ஏறின சூடு எந்த வழியா வெளிய போகும்? அதை முதல்ல கேளு" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நம் உடம்பும் அப்படித்தானே? வேலை செய்தால் சூடு, வியர்த்தால் தணியும். வியர்வைக்கு வழியில்லாமல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாவாட்டினால் மயக்கம் போட்டு விழ வேண்டியதுதான். எஞ்சினுக்கும் ஜுரம் உண்டு. தவிர, காற்றை அழுத்தினாலே சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு பம்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். டர்போவும் காற்றை அழுத்தியே அனுப்புவதால் சூடான காற்றுதான் உள்ளே போகிறது. அந்தச் சூட்டில் பெட்ரோல் தன் நேரத்துக்கு எரியாமல் முந்திக்கொண்டு வெடிக்கும். புல்லட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பெரிய கியரிலேயே கொடைக்கானல் மலை ஏறினால் 'டக்டக்' என்று இடிக்குமே, அந்த 'நாக்கிங்'தான். அதை விட்டால் பிஸ்டனில் ஓட்டையே விழுந்துவிடுமாம்.

என் பெரிய பெண் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். "அம்மா, போர்ஷே கம்பெனியே இதைச் செஞ்சிருக்கு" என்று தேடிப் படித்துச் சொன்னாள். அப்போதுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது.

காற்றால் குளிரும் காருக்கு டர்போ போட்டது போர்ஷே மட்டுமல்ல. அமெரிக்காவில் 1962இலேயே ஷெவர்லே கம்பெனி, கார்வேர் மான்ஸா ஸ்பைடர் என்ற காரில் செய்திருக்கிறது. அதிலும் எஞ்சின் பின்னால்தான், காற்றுக் குளிர்ச்சிதான். ஓட்டுபவர் முன்னால் சிலிண்டர் தலையின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றும் வைத்திருந்தார்கள். எஞ்சினுக்கு ஒரு தெர்மாமீட்டர்! பிள்ளைக்கு ஜுரம் என்றால் நாம் முதலில் தேடுவதும் அதைத்தானே?

போர்ஷே தன் 911 டர்போவை 1974இல் பாரிஸ் கார் கண்காட்சியில் காட்டியது. 3 லிட்டர் எஞ்சின், 260 குதிரைத்திறன். டர்போவைத் தந்தது கே.கே.கே. என்ற ஜெர்மன் கம்பெனி. 1982இல் தொடங்கிய நம் சென்னை டர்போ எனர்ஜி நிறுவனமும் அதே கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்ததுதான். சரி, பழைய எஞ்சினிலேயே டர்போவை மாட்டிவிட்டார்களா? இல்லை. சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. டர்போ காரில் அதை 6.5 மடங்காகக் குறைத்தார்கள். உள்ளே வரும்போதே அழுத்தப்பட்டு வரும் காற்றை மேலும் நெருக்கினால் இடிக்கும் என்பதால்தான். டயரை அகலமாக்கி, சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டையும் அகலப்படுத்தினார்கள்.

அதுவும் போதவில்லை. 1978 மாடலில் 3.3 லிட்டராக்கி, 300 குதிரைத்திறன் வந்தபோது 'இன்டர்கூலர்' சேர்த்தார்கள். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை எஞ்சினுக்குள் போகுமுன் ஆற்றிக் கொடுக்கும் பெட்டி அது. நாம் பாலை ஆற்றிக் குழந்தைக்குக் கொடுக்கிறோமே, அந்த மாதிரி. அதை வைக்க இடமில்லாமல், காரின் பின்னால் விளிம்பு தூக்கிய தட்டுபோல ஒன்றைச் செய்து அதற்கடியில் வைத்தார்கள். வெள்ளைக்காரர்கள் அதற்கு 'தேநீர்த் தட்டு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதே வருடம் பிரேக்கையும் மாற்றி, பந்தயக் காரில் இருந்த பிரேக்கின் வழியில் பெரிதாகச் செய்தார்கள்.

இவ்வளவு செய்தும் அந்தக் காருக்கு வந்த பட்டப்பெயரைக் கேட்டால் வயிறு கலங்கும்: 'பெண்களை விதவையாக்கும் கார்'. பெடலை அழுத்தியதும் ஒன்றும் நடக்காது. டர்போ சுழன்று வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அப்புறம் திடீரென்று பிடரியில் அடித்தாற்போலப் பாயும். வளைவில் அது நடந்து, ஓட்டுகிறவர் பயந்து காலை எடுத்தால், பின்னால் கனம் உள்ள கார் அப்படியே சுழன்றுவிடும். கைதேர்ந்தவர்களே தடுமாறியிருக்கிறார்கள். போர்ஷேயே கடைசியில் 1998இல் காற்றுக் குளிர்ச்சியை விட்டுவிட்டு 911க்கும் தண்ணீர்க் குளிர்ச்சிக்கு மாறிவிட்டது.

இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு தம்பிக்குப் போன் செய்தேன். தோட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

"உன் கார்ல நெருக்குற கணக்கு எவ்வளவு கண்ணு?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "9.8. உனக்கு யாருக்கா இதெல்லாம் சொன்னது?" என்றான்.

"கம்பெனிக்காரன் 6.5ல வச்சான். உனக்கு டர்போ போடுறேன்னு சொன்ன பட்டறை பிஸ்டன் மாத்துதா? இன்டர்கூலர் உண்டா? ஆயிலை ஆத்துறதுக்குக் கூடுதலா என்ன வைக்கிறாங்க? பிரேக்?"

ஒவ்வொன்றாகச் சொன்னான். அந்தப் பட்டறை கொடுத்த விலையில் டர்போவும் குழாய்களும் மட்டும்தான் இருந்தன. மற்றதெல்லாம் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்றார்களாம். எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொன்னேன். அடுத்த வாரம் அவனே சொன்னான், நம்ம ஊர்க் கணக்கில் முப்பது லட்சத்தை நெருங்குகிறது என்று. அவன் பங்குத் தோட்டத்தை விற்றாலும் பாதியில் நின்றிருக்கும்.

இன்னொன்றும் இருந்தது. ஜெர்மனியில் முப்பது வருடத்துக்கு மேலான காரை அதன் பழைய நிலையிலேயே வைத்திருந்தால் நம்பர் பலகையின் கடைசியில் 'எச்' என்று ஒரு எழுத்து தருவார்கள். வரிச் சலுகை உண்டு, புகைக் கட்டுப்பாடு உள்ள நகரப் பகுதிக்குள்ளும் போகலாம். இஷ்டத்துக்கு மாற்றினால் அந்த எழுத்து போய்விடும். அந்தக் காலத்தில் வழக்கத்தில் இருந்த மாற்றம் என்றால் ஒப்புவார்கள், அதையும் அதிகாரம் பெற்ற பரிசோதகர் பார்த்து ஆவணத்தில் பதிய வேண்டும். பதியாமல் ஓட்டினால் விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கலாம். அப்போது நஷ்டம் அவனுக்கு மட்டுமா? அவன் மனைவிக்கும் குழந்தைக்கும்தானே?

"அப்ப வேண்டாம்ங்கிறியாக்கா?" என்றான். குரலில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் தெரிந்தான்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசைப்படுவது ஒரு தப்பா? நன்றாக ஓடுகிற கிரைண்டர் இருக்கும்போதே புதுசு வேண்டும் என்று நாம் ஆசைப்படுவதில்லையா? "போடு கண்ணு. ஆனா வரிசையாப் போடு. முதல்ல பிரேக், அப்புறம் ஆயில் சூடு தணிய வழி, அப்புறம் எஞ்சினைப் பிரிச்சுப் பிஸ்டன். ஊதாங்குழல் கடைசியில வரட்டும். காசு உங்க ரெண்டு பேர் சம்பளத்துல மிச்சம் பிடிச்சதா இருக்கட்டும். அம்மாவோட மாத்திரைக் காசா இருக்க வேண்டாம்" என்றேன். கூடவே, "வீட்டுல ஒருத்தி நாலு தடவை ராத்திரி எழுந்துக்கிறா. அவ சூடு எந்த வழியா வெளிய போகுதுன்னும் ஒரு தடவை பாரு" என்று சொன்னேன். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அவன் மனைவிதான் பேசினாள். அங்கே பிள்ளை பெற்றவளுக்கு மட்டுமல்ல, தகப்பனுக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள லீவு உண்டு. 2007இலிருந்து, தகப்பனும் லீவு எடுத்தால் உதவித்தொகை இரண்டு மாதம் கூடுதலாகக் கிடைக்கிறதாம். தம்பி இரண்டு மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டான். "அண்ணி, நேத்து ராத்திரி அஞ்சு மணி நேரம் சேர்ந்தாப்புல தூங்கினேன்" என்று அவள் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இப்போது காருக்குப் புது பிரேக் போட்டாகிவிட்டது. ஆயில் ஆற்றும் சாமானும் சுத்தம் செய்து மாட்டியாகிவிட்டது. டர்போவுக்கென்று இருவரும் சேர்ந்து தனிக் கணக்கு ஒன்று ஆரம்பித்து மாதாமாதம் போடுகிறார்கள். மூன்று வருடம் ஆகும் என்கிறான். ஆகட்டும். நாற்பது வருடத்துக்கு மேல் ஓடிய கார் மூன்று வருடம் காத்திருக்காதா?

சகோதரிகளே, நம் ஊரில் போர்ஷே இல்லை. ஆனால் பிள்ளைகள் பைக்கை வாங்கிய மறுவாரமே சைலன்ஸரை மாற்றுகிறார்கள், என்னென்னவோ சேர்க்கிறார்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. அவர்களைத் திட்டிப் பயனில்லை. "அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது" என்று எழுந்து போய்விடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து மூன்றே கேள்வி கேளுங்கள்: இதனால் ஏறுகிற சூடு எங்கே போகும்? ஏறுகிற வேகத்தை நிறுத்த பிரேக் இருக்கிறதா? நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் காகிதம் பேசுமா? பதில் தெரிந்த பிள்ளை சொல்லிவிடும். தெரியாத பிள்ளை பட்டறைக்குப் போகுமுன் ஒரு நாளாவது யோசிக்கும். அந்த ஒரு நாள் நமக்குப் போதும்.

அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். தோட்டம் இருக்கிறது என்றதும் முகம் தெளிந்தது. "அவனுக்கு இந்தப் பருவத்துக் கொய்யா அனுப்ப முடியுமா?" என்று கேட்டார். அவ்வளவு தூரத்துக்குப் பழம் தாங்காது. கொய்யா ஜாம் கிளறி இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன்.